போட்டியின்றித் தெரிவானவர்

அத்தான்,

இன்றைக்குக் காலைதான் இந்த ஆண்டில் முதல் தடவையாக வீட்டு ஹீட்டரைப் போட்டேன். கோடை முழுக்கக் குழாய்களுக்குள் படிந்திருந்த தூசி சூடேறிக் கருகி, அந்த வாசனை அறை அறையாக ஏறி வந்தது. முதல் குளிர் நாளில் இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் வருவதுதான், கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆனால் நான் கையில் கரண்டியோடு சமையலறையில் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் பேஸ்மெண்ட் படிகளில் ஓடி வரும் சத்தத்துக்காகக் காது காத்துக்கொண்டிருந்தது.

"கலா, எங்கயோ எரியுது! எல்லாரும் வெளியில வாங்கோ!"

நீங்கள் எங்களோடு அமெரிக்காவில், இந்த மான்மவுத் ஜங்ஷனில் இருந்த முதல் இலையுதிர் காலம் அது. என்னையும் சேகரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசல் புல்வெளியில் நிறுத்தினீர்கள். உங்கள் காலில் செருப்பு இல்லை. என்னைக் கலியாணம் கட்டிய சேகர் சென்னைக்காரர், நெருப்பென்றால் ஃபயர் இன்ஜினைக் கூப்பிட்டால் போதும் என்று நம்பி வளர்ந்தவர். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அண்ணா, ஒண்ணும் இல்ல. வெறும் தூசி. ஹீட்டர ஃபர்ஸ்ட் டைம் ஆன் பண்ணா இப்படித்தான் ஸ்மெல் வரும்."

நீங்கள் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "அப்ப ஒண்டும் எரியேல்லையோ?" என்று கேட்டீர்கள். நிம்மதி அடைந்தவரின் குரலாக அது இல்லை. எரிவது எங்கோ தூரத்தில், நம் கைக்கு எட்டாத இடத்தில் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவரின் குரல்.

நீங்கள் வந்தது ஒரு மாதத்துக்கு. இங்கே இருக்கிற தமிழர்களிடம், அங்கே அரசாங்கத்தை எதிர்த்துப் போராடிய உங்கள் இயக்கத்தின் நியாயத்தை எடுத்துச் சொல்ல உங்களை அனுப்பியிருந்தார்கள். எங்கள் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பேசினீர்கள். டெக்சாஸில் ஒரு டாக்டர் வீட்டு ஹாலில், சமோசாத் தட்டுகளுக்கு நடுவே பேசினீர்கள். அக்காவை நீங்கள் கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து எனக்கு உங்களைத் தெரியும். நீர்ப்பாசனத் திணைக்களத்து மோட்டார் சைக்கிளில் குளம் குளமாக அலைந்து, வயற்காரர்களின் சண்டைகளைத் தீர்த்துவைத்த மனிதர் நீங்கள். இயக்கத்தில் சேர்ந்த பிறகும் துவக்கைத் தொடவில்லை, ஒரு தோட்டாவும் சுடவில்லை. அரசியல் வகுப்பு எடுத்தீர்கள், துண்டுப் பிரசுரம் எழுதினீர்கள். அதனால்தான் உங்களை அனுப்பினார்கள். ஒருவரையும் கொன்றதாக உங்கள் மேல் ஒருவரும் சொல்ல முடியாது.

திரும்பிப் போக வேண்டிய கிழமையில் செய்தி வந்தது. உங்களுக்குப் போட்டியாக அங்கே இருந்த பெரிய இயக்கம் உங்கள் இயக்கத்தைத் தடைசெய்துவிட்டது. உங்களோடு ஒரே அறையில் இருந்து பிரசுரம் எழுதியவர்களை வீடு வீடாகத் தேடிச் சுடுகிறார்கள். இராணுவம் அல்ல. பக்கத்து ஊர்ப் பெடியன்கள். அக்காவும் ஐந்து வயதுத் துளசியும் ஊரில் இருந்தார்கள். பெண்களைத் தொடமாட்டார்கள், நீங்கள் மட்டும் வராதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள் அக்கா. பயணப் பெட்டியைப் பூட்டியபடியே கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, பேஸ்மெண்ட்டில் தங்கிவிட்டீர்கள். சேகர் அலுவலகத்தில் யாரோ சொல்லி, மார்த்தா என்ற வழக்கறிஞர் உங்கள் அசைலம் என்ற அடைக்கல வழக்கை எடுத்தார்.

இந்த ஊரில் கார் ஓட்டாத மனிதன் சிறைக் கைதி மாதிரி. அப்போது இங்கே பஸ் கிடையாது, நடைபாதை கிடையாது. காலையில் சேகர் ஒரு பக்கம், நான் மருந்துக் கம்பெனி ஆய்வுகூடத்துக்கு ஒரு பக்கம் போய்விடுவோம். மாலையில் நான் வரும்போது நீங்கள் ஜன்னலோரம் நின்றுகொண்டிருப்பீர்கள். ஒரு நாள், "இண்டைக்கு ஆராவது இந்த ரோட்டால நடந்து போனவையோ?" என்று நான் பகிடியாகக் கேட்டேன். நீங்கள் பகிடியாக எடுக்கவில்லை. "தபால்காரர் போனவர். ஒரு நாய் போனது" என்றீர்கள்.

அடுத்த வருடக் கோடையில்தான் சமாதான ஒப்பந்தம் வந்தது. இயக்கங்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேர்தலுக்கு வரலாம் என்று அறிவித்தார்கள். பெரிய இயக்கம் சிறிது நாளில் மறுபடியும் காட்டுக்குப் போயிற்று. உங்களுடையது வெளியே வந்து, நகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பெயர்ப்பலகை மாட்டியது. உங்கள் பழைய தோழர் ராஜன் கொழும்பிலிருந்து பேசினார். நான்தான் போனை எடுத்துத் தந்தேன். அவர் குரல் எனக்கே கேட்டது. "தோழர், இனி நாங்கள் இயக்கம் இல்லை. கட்சி! சின்னமும் எடுத்தாச்சு. நீங்கள் சொல்லிச் சொல்லிக் களைச்சதெல்லாம் நடந்திட்டுது."

நீங்கள் இங்கே வந்த பிறகு சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். கட்சியின் வேலைத்திட்டத்தை எழுதித் தரும்படி அவர் கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் மிச்சமாக ஒரு மேசை இல்லை. துணி அயர்ன் பண்ணுகிற பலகையைத் தாழ இறக்கி, பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதினீர்கள். நான் பிளவுஸை அயர்ன் பண்ண வந்தால் தாள்களை அள்ளிக்கொண்டு எழும்பி நிற்பீர்கள். நான் அயர்ன் பண்ண, நீங்கள் பேசுவீர்கள்.

"கலா, இயக்கத்துக்கும் கட்சிக்கும் என்ன வித்தியாசம், சொல்லும் பாப்பம்."

"துவக்கு" என்றேன்.

"அது ஆரும் சொல்லுவினம். துவக்கை ஒரு நாளில கீழ வைக்கலாம். இயக்கத்துக்குத் தோற்கத் தெரியாது. தோற்றால் சாவு எண்டுதான் பெடியளுக்குப் படிப்பிச்சு வைச்சிருக்கிறம். கட்சி எண்டால் தோற்கத் தெரிய வேணும். தோற்றுப்போட்டு வீட்டை போய், அடுத்த முறை பாப்பம் எண்டு இருக்கத் தெரிய வேணும். அதைப் படிப்பிக்கத்தான் கனகாலம் செல்லும்."

அதை ஒரு வரியாக வேலைத்திட்டத்திலும் எழுதினீர்கள். ராஜன் அச்சடித்து அனுப்பியபோது அந்த வரி இல்லை. விட்டுப்போயிருக்கும் என்றீர்கள்.

பிறகு வந்த செய்திகள் வேறு மாதிரி இருந்தன. கட்சி அலுவலகத்துக்கு மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பெரிய இயக்கம் சுடும் என்பதால் உறுப்பினர்கள் துவக்கோடுதான் திரிகிறார்கள். துவக்கு இருப்பதால் ஊர்ச் சனம் அவர்களைக் கண்டு ஒதுங்குகிறது. சனம் ஒதுங்குவதால் ஆள் சேர்க்க வீடு வீடாகப் போகிறார்கள், துவக்கோடு. சென்னையிலிருந்து கிழமைக் கணக்கில் பிந்தி வரும் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, "இதென்ன, ஒரு வட்டமா எல்லோ போகுது" என்று நீங்கள் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது.

மறுவருடம் இதேபோல் முதல் குளிர் நாள். ஹீட்டரைப் போட்டு, அதே வாசனை வந்தபோது நீங்கள் எழும்பி ஓடவில்லை. பழகியிருந்தீர்கள். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ராஜன்.

நீங்கள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்ர பேரையோ? ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?" என்றீர்கள். பிறகு, "கையெழுத்து?"

போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றீர்கள். மாகாண சபைத் தேர்தலுக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருந்தார்கள். கையெழுத்தை யாரோ உங்களுக்காகப் போட்டிருந்தார்கள். கை சுத்தமான ஆள் ஒருவர் அவர்களுக்குத் தேவையாக இருந்தது, குளத்தடிச் சனத்துக்கு உங்களைத் தெரியும். தேர்தலில் நிற்கிறவனுக்கு மரணம் என்று பெரிய இயக்கம் அறிவித்திருந்ததால் உங்கள் கட்சியைத் தவிர ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. வேட்புமனு நாள் முடிந்ததும் தேர்தலே முடிந்துவிட்டது.

"வாழ்த்துச் சொல்லுறார்" என்றீர்கள். "போட்டியில்லாமல் நான் தெரிவாகியிட்டனாம்."

சேகருக்கு முதலில் விளங்கவில்லை. "அப்படின்னா, அண்ணா, நீங்க எம்.எல்.ஏ. மாதிரியா? ஜெயிச்சுட்டீங்களா?"

"ஓம். ஒரு வோட்டும் விழாமல்."

மறுநாள் நீங்கள் வீட்டை விட்டு வெளியே நடந்தீர்கள். எங்கே என்று உங்களுக்கே தெரியாது. ரூட் ஒன்று நெடுஞ்சாலை ஓரமாக, லாரிகள் உரசிக்கொண்டு போக நடந்திருக்கிறீர்கள். போலீஸ்காரர் ஒருவர் காரை நிறுத்தி, உங்கள் கார் எங்கே பழுதாகி நிற்கிறது என்று கேட்டார். கார் இல்லை, நடக்கிறேன் என்றீர்கள். எதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டார். நல்ல மனிதர், ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, இங்கே நடப்பது ஆபத்து என்று என்னிடம் தணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தீர்கள். மாகாண சபை உறுப்பினர் ஒருவரைப் போலீஸ் கார் கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தீர்கள். முடியவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பெயரை விலக்குகிறேன் என்று பகிரங்கமாகச் சொன்னால், உங்கள் கட்சிக்குத் துரோகி. அக்காவின் வீடு இருப்பதோ உங்கள் கட்சி அலுவலகம் இருக்கும் அதே சிறு ஒழுங்கையில். பேசாமல் இருந்தால் வேட்பாளர், பெரிய இயக்கத்துக்கு இலக்கு. அந்த இலக்கின் மனைவியும் பிள்ளையும்தான் அக்காவும் துளசியும். இங்கே அமெரிக்காவிலோ, உங்கள் வழக்கின் அடித்தளமே பெயர்ந்துவிட்டது. அரசாங்கமும் தடைசெய்திருந்த அமைப்பின் உறுப்பினர், போனால் பிடிக்கும் என்றல்லவா எழுதியிருந்தோம்? இப்போது அந்த அமைப்பு சட்டபூர்வமான கட்சி. நீங்களோ அந்த அரசாங்கத்தின் சபையில் ஒரு பிரதிநிதி.

மார்த்தா எங்கள் சமையலறை மேசைக்கே வந்து உட்கார்ந்து சொன்னார். "ஒரே வழிதான் இருக்கிறது. யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். மற்ற இயக்கம் உங்களைக் கொல்லும். உங்கள் சொந்தக் கட்சி உங்கள் கையெழுத்தைத் திருடி, உங்கள் குடும்பத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இதை நீதிபதி முன்னால் சொன்னால் நீங்கள் வெல்லலாம்."

நீங்கள் ஆங்கிலத்தில் மரியாதையாக நன்றி சொன்னீர்கள். அவர் போன பிறகு எங்களிடம் தமிழில் சொன்னீர்கள். "கோர்ட்டில சொல்லுறதெல்லாம் எழுதி வைப்பினம். அது எங்க எங்க போகுமெண்டு ஆருக்குத் தெரியும்? ராஜன் நேற்றுக் கேட்டவர், கோர்ட்டில என்ன கதைக்கப் போறீங்கள் தோழர், எங்களுக்கும் கேள்விப்பட விருப்பம் எண்டு."

"மிரட்டுறாரா?" என்றார் சேகர்.

"சேச்சே. சுகம் விசாரிக்கிறார்."

அக்கா பேசியது அதற்கு அடுத்த கிழமை. ஊரில் லைன் இல்லை. வவுனியா வரை வந்து ஒரு கடையிலிருந்து பேசினாள். மேலே சமையலறைப் போனில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன், நீங்கள்தான் கேட்கச் சொன்னீர்கள்.

"இஞ்சருங்கோ, நாங்கள் நல்லா இருக்கிறம். கட்சிப் பெடியள் நல்லாப் பாக்கினம். வாசல் படலையிலயே ரெண்டு பேர் நிக்கினம். நான் சந்தைக்குப் போனாலும் கூட வருகினம்."

"பிள்ளை பள்ளிக்கூடம் போறாளோ?"

"போறாள். ஒரு தம்பி கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாறார்."

"நான் வரட்டோ?"

லைனில் கடையின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ எண்ணெய் விலை கேட்டார்கள். பிறகு அக்கா சொன்னாள்: "அதை நான் என்னெண்டு சொல்லுறது? வாங்கோ எண்டும் சொல்ல ஏலாது, வராதேங்கோ எண்டும் சொல்ல ஏலாது. பக்கத்தில தம்பி நிக்கிறார். அவரும் உங்களைச் சுகம் கேட்டவர்."

நான் போனை வைத்துவிட்டுக் கீழே வந்தபோது, நீங்கள் பெயிண்ட் வாளியில் உட்கார்ந்திருந்தீர்கள். "அவள் கெட்டிக்காரி" என்றீர்கள். "எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள்."

நியூவார்க் நீதிமன்றத்தில் நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சேகரின் கோட்டு உங்களுக்குத் தோளில் பெரிதாக இருந்தது. அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் இளைஞர், கெட்டவரல்ல, தன் வேலையைச் செய்தார். "உங்களை மாண்புமிகு உறுப்பினர் என்றுதான் நான் அழைக்க வேண்டும், இல்லையா?" என்று தொடங்கினார். அறையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். "உங்கள் அமைப்பு இப்போது ஒரு கட்சி. அதற்கு அலுவலகம் இருக்கிறது. சின்னம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்து மக்கள் உங்களைத் தெரிவு செய்திருக்கிறார்கள்."

"இல்லை, ஐயா" என்றீர்கள். "மக்கள் தெரிவு செய்யவில்லை. எனக்கு ஒருவரும் வாக்களிக்கவில்லை."

"ஆனால் நீங்கள் தோற்கவும் இல்லையே?"

"தோற்பதற்கு எங்கள் ஊரில் ஆள் இல்லை. பெயர் கொடுத்தால் செத்துப்போவார்கள்."

நீதிபதி, கண்ணாடி போட்ட வயதான பெண், முன்னால் சாய்ந்து கேட்டார். "அப்படியானால் நீங்கள் பயப்படுவது யாருக்கு? பெயரைச் சொல்லுங்கள். நான் கேட்கத் தயாராக இருக்கிறேன்."

மார்த்தா உங்களைப் பார்த்தார். நான் உங்கள் முதுகைப் பார்த்தேன். சேகரின் கோட்டுக்குள் உங்கள் தோள்கள் ஒரு தரம் ஏறி இறங்கின. சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். சொல்லுங்கோ அத்தான், சொல்லுங்கோ என்று எனக்குள் கத்தினேன். நீங்கள் முன்னாலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்துவிட்டு, அதை இருந்த இடத்திலேயே கவனமாக வைத்தீர்கள். "எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அம்மா" என்றீர்கள்.

அந்த நீதிபதி உடனே தள்ளுபடி செய்யவில்லை. யோசிப்பதற்கு உங்களுக்குக் காலம் தருவதாகச் சொல்லித் தள்ளிவைத்தார். உண்மையில் இரக்கப்பட்டுத்தான் செய்தார். அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வது?

திரும்பும் வழியில், டர்ன்பைக் நெடுஞ்சாலையில், பின் சீட்டிலிருந்து சொன்னீர்கள். "நான் போறன்."

சேகர் காரை ஓரம்கட்டியே விட்டார். "அண்ணா, பைத்தியமா? தோத்தாலும் அப்பீல் பண்ணலாம்னு மார்த்தா சொல்றாங்க. வருஷக் கணக்குல இழுக்கலாம். அதுக்குள்ள அங்க எல்லாம் மாறிடும்."

"தம்பி, ராஜனோட கதைச்சனான். நான் வந்து சபையில இருந்தால், அவளையும் பிள்ளையையும் கட்சி வாகனத்தில வெளியில கொண்டு வந்து விடுவினம். நான் இஞ்ச இருந்தால் அவையள் அங்க இருப்பினம். இதில யோசிக்க என்ன கிடக்கு?"

"அவங்க சொல்றத நம்புறீங்களா?"

"இந்த ஒரு விசயத்தில நம்பலாம். அவைக்கு நான் தேவை."

பக்கத்தில் லாரிகள் போகும்போதெல்லாம் கார் குலுங்கியது. ஒரு பக்கத்தில் நீங்கள், மற்றப் பக்கத்தில் என் சொந்த அக்கா. எதைச் சொன்னாலும் ஒருவரைக் கைவிடுவதாக இருந்தது. நீங்கள் அதைப் புரிந்துகொண்டவர் போல, "கலா, நீர் ஒண்டும் சொல்லாதையும்" என்றீர்கள். "சொல்லாமல் இருக்கிறதுதான் நீர் எனக்குச் செய்யிற உதவி."

வசந்தத்தில் போனீர்கள். விமான நிலையத்தில் என்னிடம் விடைபெறும்போது, அயர்ன் பலகையை இனி உயர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள்.

ராஜன் சொன்னபடி செய்தார், அதையும் எழுத வேண்டும். நீங்கள் திருகோணமலையில் பதவி ஏற்ற மாதமே அக்காவும் துளசியும் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்குப் போய், சேகரின் பெற்றோர் வீட்டில் தங்கினார்கள். ஒரு சுவர் விழுந்தது. அடுத்த விமானத்தில் நீங்களும் ஏறியிருக்கலாம். நான் போனில் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்றீர்கள். "முதல் கூட்டத்தில, துவக்குகளை அறைக்கு வெளியில வைச்சிட்டு வாங்கோ எண்டு சொன்னனான். சிரிச்சுப்போட்டு மேசைக்குக் கீழ வைச்சாங்கள். அடுத்த கூட்டத்தில ரெண்டு பேர் உண்மையா வெளியில வைச்சிட்டு வந்தவை, கலா. ரெண்டு பேர்!"

அந்த இரண்டு பேரால் வந்த மகிழ்ச்சி உங்கள் குரலில் இருந்தது. அக்காவை மீட்கப் போன நீங்கள், அந்த இரண்டு பேருக்காகத் தங்கிவிட்டீர்கள் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அக்காவுக்கு அதில் உடன்பாடில்லை. வெளியே வர விட்டிருக்க மாட்டார்கள் என்பாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

சில மாதம் கழித்து, ஒரு வயற்காரர் கூட்டத்தில் எழும்பிச் சொல்லியிருக்கிறீர்கள். போட்டியில்லாமல் கிடைத்த இடங்களை நாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும், எல்லாரும் பயமில்லாமல் நிற்கக்கூடிய ஒரு தேர்தல் வைக்க வேண்டும், அதில் நாங்கள் தோற்றாலும் பரவாயில்லை. சனம் கை தட்டவில்லை. தட்டப் பயந்து, பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்து போகும்போது ஒரு கிழவர் மட்டும் வந்து உங்கள் கையைப் பிடித்துவிட்டுப் போனாராம். அதையும் போனில் நீங்கள்தான் சொன்னீர்கள். நாங்கள் பேசிய கடைசித் தடவை அதுதான்.

பத்திரிகை வாங்க நடந்து போன இடத்தில் உங்களைச் சுட்டார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. கட்சி, சுட்டது பெரிய இயக்கம் என்றது. பெரிய இயக்கம், உள்வீட்டுச் சண்டை என்றது. ஆய்வுகூடத்துக்கு சேகரே நேரில் வந்து சொன்னார். நான் கையுறைகளைக் கழற்றி, மேசையைத் துடைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன். அழுகை கார் தரிப்பிடத்தில்தான் வந்தது.

கட்சி போஸ்டர் அடித்திருந்தது. சென்னையில் ஒருவர் அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் படத்துக்குக் கீழே, பெயருக்கு முன்னால், ஒரு இராணுவப் பட்டம். தளபதி என்று போட்டிருந்தார்கள். வாழ்நாளில் துவக்கைத் தொடாத உங்களுக்குச் செத்த பிறகு கொடுத்த பதவி உயர்வு. அக்கா அதை நாலாக மடித்து, எட்டாக மடித்து, பிறகு அடுப்பில் வைத்தாள் என்று சேகரின் அம்மா சொன்னார்.

அக்காவும் துளசியும் இங்கே வந்து சேர்ந்ததும் மார்த்தாதான் அவர்களின் வழக்கையும் எடுத்தார். இந்த முறை கஷ்டம் இருக்கவில்லை. யாருக்குப் பயம் என்று ஒருவரும் பெயர் கேட்கவில்லை. உங்கள் மரணச் சான்றிதழே போதுமானதாக இருந்தது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, மார்த்தா அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். அக்கா அழவில்லை. "இதை அவருக்கே குடுத்திருக்கலாமே" என்றாள் என்னிடம். நான் அதை ஆங்கிலத்தில் மார்த்தாவுக்குச் சொல்லவில்லை.

இத்தனை வருடங்களாக என்னோடு இருப்பது உங்கள் முதுகுதான், அத்தான். நீதிமன்றத்தில் அந்தப் பெரிய கோட்டுக்குள் ஏறி இறங்கிய தோள்கள். வாய் திறந்தாலும் மூடினாலும் யாராவது ஒருவர் சாகிற இடத்தில் நிற்கும் மனிதனின் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செய்திகளில், எந்தெந்த நாட்டிலோ, நேற்றுவரை காட்டிலிருந்தவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு பதவி ஏற்பதைக் காட்டுவார்கள். சேகர், "பரவாயில்ல, திருந்திட்டாங்க" என்பார். நான் முன் வரிசையைப் பார்ப்பதில்லை. பின்னால் ஓரமாக நிற்கும் யாராவது ஒருவரின் தோள்களைத்தான் தேடுவேன்.

இன்னொன்றும் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். துளசி இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. போன வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூட வாரியத் தேர்தலில் நின்றாள். அக்காவுக்கு விருப்பமே இல்லை. மகளின் பெயரைப் போட்ட பலகைகளைப் புல்வெளிகளில் கண்டால் அந்தத் தெருவால் போகமாட்டாள். தேர்தல் நாள் முழுக்கத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

இரவில் முடிவு வந்தது. துளசி தோற்றுப்போனாள். எங்கள் சமையலறையில் நின்றே வென்ற பெண்மணிக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொன்னாள். ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். போனை மேசையில் வைத்துவிட்டு, காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி உதறினாள்.

"அம்மா, காலையில இருந்து சாப்பிடல. ஐ'ம் ஸ்டார்விங். சோறு இருக்கா?"

அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "தோத்துப்போட்டு வந்து பசிக்குதெண்டுறாள்" என்றாள். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோறு போட்டாள், மீன் குழம்பு விட்டாள், போதும் போதும் என்று துளசி சொன்ன பிறகும் இன்னொரு கரண்டி விட்டாள்.

நான் எதிரே உட்கார்ந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தான்.

உங்கள்
கலா